மூன்று ஒயர்தானே

மகனே, உறையைப் பிரித்ததும் இதைச் சுகன்யாவிடம் கொடுத்திருப்பாய். உனக்குத் தமிழ் எழுத்து வராது என்பது எனக்குத் தெரியாததல்ல. பள்ளியில் தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் என்று மூன்றைச் சுமந்தாய். தமிழ் உன் காதோடு நின்றுவிட்டது. அம்மா திட்டினால் புரியும், பதில் தெலுங்கில் வரும். எனக்கோ தெலுங்கு பேச மட்டும்தான் வரும், இங்கிலீஷில் லீவ் லெட்டரைத் தாண்டி எழுத வராது, இது லீவ் லெட்டர் அல்ல. ஆகவே நான் சொல்வதை உன் மனைவி வாயால்தான் நீ கேட்க வேண்டியிருக்கிறது. அம்மா சுகன்யா, உன்னை இதில் இழுத்ததற்கு மன்னித்துக்கொள். மாமனாரின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து எந்த வரியையும் தாண்டிவிடாதே. எழுதியபடியே படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் செய்தாயே, அதில் ஒரு பொய் சொன்னேன். அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். வரும் சனிக்கிழமைக்குள் இது புனேவுக்கு வந்து சேர வேண்டும் என்று கூரியர்காரனிடம் மூன்று தடவை சொல்லப் போகிறேன்.

நீ என்ன கேட்டாய் என்று நினைவிருக்கிறதா? உங்கள் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஆட்களைக் குறைத்து, மெக்கானிக்கல் ஃபிட்டர்களே சின்னச் சின்ன எலக்ட்ரிக்கல் வேலையையும் பார்க்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். பதினேழு பேருக்கு இரண்டு நாள் வகுப்பு முடிந்துவிட்டது. இவர்கள் மோட்டார் கனெக்‌ஷனைக் கழற்றவும் மாட்டவும் தகுதியானவர்கள் என்று நீ வரும் திங்கட்கிழமை ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். "அப்பா, ரெண்டு ரோஜுலு ட்ரெயினிங், இஸ் இட் இனஃப்? நீங்க ஃபிட்டரா இருந்தீங்க கதா, சொல்லுங்க" என்றாய். நான் என்ன சொன்னேன்? "தாராளமா போதும்பா. மூணு ஒயர்தானே. எங்க காலத்துல அந்த ரெண்டு நாள் கூட இல்ல. நாங்களே கழட்டுவோம், நாங்களே மாட்டுவோம்" என்றேன். நீ சிரித்தாய். "சூப்பர் அப்பா, யூ ரிலீவ்ட் மீ" என்றாய்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். வழக்கமாக நீ ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிடுவாய். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, பி.பி. பார்த்தீங்களா. பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை நான் வாரம் முழுக்க வைத்துச் சாப்பிடுகிறேன். அன்றைக்கு நாற்பது நிமிஷம் பேசினாய். அம்மா போன பிறகு இல்லை, அதற்கும் முன்னால், நீ இன்ஜினியரிங் சேர்ந்த நாளிலிருந்தே நீ என்னிடம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஃபிட்டர் அப்பனிடம் இன்ஜினியர் மகன் என்ன கேட்பான் என்று நானும் விட்டுவிட்டேன். திடீரென்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உனக்கு எந்தப் பதில் வேண்டும் என்பது உன் குரலிலேயே தெரிந்தது. அதைக் கொடுத்தேன். ஃபோனை வைத்த பிறகு சமையலறையில் ஒரு டம்ளர் அரிசியைக் களைந்தபடி நின்றேன். நான்கு முறை தண்ணீர் மாற்றியும் களைந்துகொண்டே இருந்தேன்.

"எங்க அப்பாவுக்குக் கரண்ட்னா பயம்" என்று சின்ன வயதில் நீ தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாய். எலக்ட்ரிக் பெல் செய்து கொண்டுவரச் சொன்னார்கள் என்று ஐந்தாம் வகுப்பில் வந்து நின்றாய். ஒரு பேட்டரி, கொஞ்சம் ஒயர், அவ்வளவுதான். நான் தொடமாட்டேன் என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் செய்து கொடுத்தார். உன் அம்மா விடுவாளா? "ஃபேக்டரில யானை மாதிரி மெஷினைப் பிரிச்சு மேய்ற மனுஷன், வீட்டுல ஒரு ஹோல்டர் மாத்த ஆள் தேடுறாரு" என்று விருந்தாளிகளுக்கு முன்னால் ஏலம் போடுவாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவள் உண்மை தெரியாமலே போய்விட்டாள். இப்போதும் ஹாலில் ஃபேன் நின்று இரண்டு வாரமாகிறது. கெப்பாசிட்டர் போயிருக்கும், ஐந்து நிமிஷ வேலை. ஆள் வருகிறேன் என்றான், வரவில்லை. விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது பயம் இல்லை என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் சத்தார் என்று ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். மெட்டுகுடாவில் பிறந்து வளர்ந்தவர். நானும் அதே மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளை என்பதால் முதல் நாளே ஒட்டிக்கொண்டோம். சந்தில் தமிழ்க் குடும்பங்களோடு விளையாடி அவருக்கும் தமிழ் வரும். அவர் பாணியில் வரும். வயர்மேன் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர். எங்கள் ஷிஃப்டில் மூன்று கொட்டகைக்கும் அவர் ஒருவர்தான் எலக்ட்ரீஷியன். சட்டப்படி, லைசென்ஸ் உள்ளவர் தவிர வேறு யாரும் மோட்டார் ஒயரில் கை வைக்கக் கூடாது. ஆனால் ஒரு பேரிங் மாற்ற வேண்டுமென்றால் மோட்டாரை இறக்க வேண்டும். இறக்க வேண்டுமென்றால் ஒயரைக் கழற்ற வேண்டும். சத்தார் இன்னொரு கொட்டகையில் இருப்பார். மெஷின் நிற்கும், சூப்பர்வைசர் கத்துவார். அதற்கு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். சத்தார் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, பூட்டுப் போட்டுவிட்டுப் போவார். ஒயரை நாங்கள் கழற்றுவோம். எது எங்கே இருந்தது என்று மறக்காமலிருக்க நூல் கட்டுவோம்: முதல் ஒயருக்கு ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு மூன்று. வேலை முடிந்ததும் முடிச்சைப் பார்த்து மாட்டுவோம். ஷிஃப்ட் புத்தகத்தில் 'கழற்றி மாட்டியது சத்தார்' என்று அவர் கையெழுத்துப் போடுவார். எல்லாக் கொட்டகையிலும் இதுதான் நடைமுறை. மேலே இருந்தவர்களுக்கும் தெரியும், ஆனால் யாரும் பார்த்ததில்லை.

சத்தார் எனக்கு ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். "மூணு ஒயர்தானே, கழட்டு, மாட்டு. வேற எங்கயும் கை வைக்க நக்கோ, வேணாம். சந்தேகம் வந்தா நில்லு, என்னைக் கூப்பிடு."

நீ பிறந்து மூன்று மாதமிருக்கும். பாரம் தூக்கும் ஹாய்ஸ்ட் ஒன்றில் மோட்டார் பேரிங் போய்விட்டது. மேலே ஏறி, மோட்டாரை இறக்கி, பேரிங் மாற்றி, திரும்ப ஏற்றினேன். நூல் கிரீஸில் ஊறிப்போய் இரண்டு ஒயரின் முடிச்சு அவிழ்ந்து விழுந்திருந்தது. சத்தாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஊகத்தில் மாட்டினேன். சத்தார் வந்து பூட்டை எடுத்து, மெயினைப் போட்டு, புத்தகத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு, அடுத்த கொட்டகையில் அவசரம் என்று ஓடினார். நான் கீழே வந்து பட்டனை அழுத்தினேன். மேலே என்று அழுத்தினால் கொக்கி கீழே வருகிறது. கீழே என்றால் மேலே போகிறது. இரண்டு ஒயர் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். உனக்கே தெரியும், திரும்ப மேலே ஏறி இரண்டை மாற்றினால் முடிந்தது. எனக்கு மறுபடி ஏற உடம்பு வணங்கவில்லை. கையில் தொங்கும் பட்டன் பெட்டியைப் பார்த்தேன். அதற்குள்ளும் ஒயர்தானே இருக்கிறது? மெயினை அணைத்து, மூடியைத் திறந்து, 'மேலே' பட்டனின் ஒயரைக் 'கீழே' பட்டனுக்கும் அதை இதற்கும் மாற்றிவிட்டேன். மறுபடி மெயினைப் போட்டு அழுத்திப் பார்த்தேன். மேலே என்றால் மேலே, கீழே என்றால் கீழே. பெரிய மூளைக்காரன் என்று எனக்கு நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கூட அளந்தேன்.

நீ இன்ஜினியர், இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும். சுகன்யாவுக்காகச் சொல்கிறேன். கொக்கி உச்சிக்குப் போனால் தானாக நிற்க அங்கே ஒரு லிமிட் ஸ்விட்ச் இருக்கும். கொக்கி அதில் இடித்தால் 'மேலே' என்கிற லைன் அறுந்து மோட்டார் நின்றுவிடும். ஆனால் நான் செய்த கைங்கரியத்தால் கொக்கி இப்போது மேலே போவது 'கீழே' என்கிற லைனில். லிமிட் ஸ்விட்ச் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, யாரும் ஓட்டாத ஒரு லைனை அறுத்துக்கொண்டிருக்கும். கொக்கி நிற்காது. இது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, நான் காலை விட்டதே தெரியாமல் கரையில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து கொமரய்யா என்கிற ஆபரேட்டர் ஒரு கியர்பாக்ஸைத் தூக்கினார். பட்டனை அழுத்தியபடி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். உச்சியில் தானாக நிற்கும் என்பது அவருடைய பதினைந்து வருஷப் பழக்கம். நிற்கவில்லை. கம்பி வடம் அறுந்து கியர்பாக்ஸ் அவருக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. தரை பிளந்துவிட்டது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையிலிருந்துதான் வாங்கிக் குடித்தார்.

விசாரணையில் பட்டன் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஒயர் மாறியிருக்கிறது. ஷிஃப்ட் புத்தகத்தைத் திறந்தார்கள். சத்தார் கையெழுத்து இருக்கிறது. ஒரு ஃபிட்டர் இதைச் செய்திருப்பான் என்று யாருக்குமே தோன்றவில்லை, ஏனென்றால் ஃபிட்டர் ஒயரைத் தொடவே கூடாதே. "நீதானே செய்தாய்?" என்று கேட்டார்கள். சத்தார் மேஜைக்கு இந்தப் பக்கம் சாட்சியாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நான் என் ஷூவைப் பார்த்தேன். இடது ஷூவில் லேஸ் அவிழ்ந்திருந்தது, இன்றைக்கும் ஞாபகமிருக்கிறது. பிறகு அவர், "கையெழுத்து என்னுது சார்" என்றார். அது மட்டும்தான் சொன்னார்.

கைக்குழந்தையாக நீ இருந்தாய், வேலை போய்விடுமோ என்று பயந்தேன் என்று நான் சொல்லலாம். நிறைய நாள் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உன்னைச் சாக்காக வைப்பது அசிங்கம், மகனே. சத்தாருக்கும் வீட்டில் சின்னப் பெண் இருந்தாள். எனக்கு வெறும் பயம். வாயைத் திறக்கத் துணிச்சலில்லை.

அவரை எலக்ட்ரிக்கலிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். பேரிங், போல்ட், நட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. இனி மின்சார வேலை எதுவும் தரக் கூடாது என்று உத்தரவு. அதன்பின் அவர் வேலையை விட்டுப் போகும்வரை வாரத்துக்கு மூன்று நாலு தடவை அந்த ஜன்னலில் நான் போய் நின்றிருக்கிறேன். பொருளை எடுத்து வைப்பார், புத்தகத்தை என் பக்கம் திருப்புவார், "சைன் பண்ணு பாய்" என்பார். வேறு பேச்சு கிடையாது. ஒரே ஒரு தடவை, முதல் வருஷத்தில், புத்தகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, "கைக்கு... ஏன் இப்படி செஞ்சே?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். பின்னால் ஆள் வந்துவிட்டது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அவருடைய கடைசி நாள் பிரிவு விழாவுக்கு எல்லோரும் போனார்கள். நான் ஷிஃப்டை மாற்றி வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை, அதாவது நேற்று, பஸ் பிடித்து மெட்டுகுடா போனேன். முதலில் சத்தாரிடம் சொல்ல வேண்டும், பிறகுதான் உனக்கு என்று நினைத்தேன். நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸைத் தாண்டி அந்தச் சந்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அவர் மகள் கதவைத் திறந்தாள். நாற்பதை நெருங்குகிற பெண், அப்பா ஜாடை. அப்பாவோடு வேலை செய்தவன் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். சத்தார் போன ரம்ஜானுக்கு முன்பே இறந்துவிட்டார். நான் இருக்கும் ஏ.எஸ்.ராவ் நகருக்கும் மெட்டுகுடாவுக்கும் ஒரு பஸ் தூரம்தான். எனக்குத் தெரியவில்லை.

டீ கொண்டுவந்தாள். எழுந்து வந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பழைய புத்தி. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முடிச்சு அவிழ்ந்தது, பட்டன் பெட்டி, விசாரணை, என் ஷூ. அவள் இந்தியில்தான் பேசினாள், நான் தமிழில் எழுதுகிறேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுவிட்ச் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ல ஃப்யூஸ் போனா அப்பா எழுந்திருப்பார் அங்கிள்" என்றாள். "அம்மா விடமாட்டாங்க. கையைப் பிடிச்சு உட்கார வெச்சுடுவாங்க. 'நக்கோ, நீங்க தொடாதீங்க, ஆள் வரட்டும்'பாங்க. நானும் அப்படித்தான் சொல்லுவேன். என் பசங்ககூடச் சொல்லுவாங்க. அவரும் பேசாம உட்கார்ந்துடுவார். இருட்டுல எல்லாரும் ஆள் வர்றவரைக்கும் உட்கார்ந்திருப்போம்."

பிறகு, "அப்போ அப்பாவுக்கு வேலை தெரியும், இல்லையா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா. எங்க எல்லாரையும்விட நல்லாத் தெரியும்" என்றேன். "அதை எழுதிக் கொடுப்பீங்களா?" என்றாள். பிள்ளைகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். நடந்ததை என் லீவ் லெட்டர் இங்கிலீஷிலேயே நாலு வரியாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அவள் அதை இரண்டாக மடித்து, தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு டெஸ்டருக்குக் கீழே வைத்தாள். அது அவருடைய டெஸ்டர். எனக்கு நன்றாகத் தெரியும், சிவப்புக் கைப்பிடியில் அவர் நூல் சுற்றியிருப்பார். அவள் என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் அங்கே இல்லை.

இப்போது உன் பதினேழு பேருக்கு வருகிறேன். ஃபிட்டர் எலக்ட்ரிக்கல் வேலை கற்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்களுக்குக் கை இருக்கிறது, மூளையும் இருக்கிறது. சிலசமயம் அந்த மூளைதான் வினை. கழற்றவும் மாட்டவும் இரண்டு நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரிய இரண்டு நாள் போதாது. முறையாகப் படிக்க அனுப்பு, பரீட்சை எழுத வை, லைசென்ஸ் வாங்கட்டும். அதுவரைக்கும் ஒரு எலக்ட்ரீஷியன் பக்கத்தில் நிற்கட்டும். பெயருக்கு இல்லை, உடம்போடு நிற்கட்டும். அந்தப் பதினேழு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வேலை முடிந்து மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் என்ன செய்வாய் என்று கேட்டுப் பார். சட்டென்று ஒரு வழி சொல்கிறவனைப் பற்றி ஜாக்கிரதையாக இரு. அவன் நான்தான்.

மேலே இருப்பவர்கள் உன்னை நெருக்குவார்கள் என்று தெரியும். இதைச் செய்து கொடுத்தால் உனக்குப் பதவி உயர்வு என்றும் சொன்னாய். கையெழுத்துப் போட மறுத்தால் அது கைநழுவலாம். நான் சுலபமாகச் சொல்லிவிட்டு இங்கே உட்கார்ந்திருப்பேன், அங்கே அடி வாங்குவது நீ. அது எனக்குப் புரிகிறது. ஆனால் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராததால் ஒரு மனுஷன் தன் வீட்டு இருட்டில் ஆள் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தான். உன் ஒரு கையெழுத்தில் பதினேழு வீடு இருக்கிறது.

சுகன்யா, கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அவனுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடு, நீயும் குடி.

மகனே, இதை ஃபோனில் சொல்ல நேற்றும் இன்றும் நம்பரைத் தட்டிவிட்டு நிறுத்தினேன். சொன்னால் நீ கூப்பிடுவதை நிறுத்திவிடுவாயோ என்று பயம். இந்த வீட்டில் என்னோடு பேசுவது அந்த ஃபோன் ஒன்றுதான். நீ என்னைப் பெரிய வேலைக்காரன் என்று நினைத்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதை நானே கெடுத்துக்கொள்கிறேன். வரும் ஞாயிறு பத்து மணிக்கு வழக்கம்போல ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். திட்டுவதற்காகக் கூப்பிட்டாலும் சரி, எடுப்பேன். கூப்பிட மனசு வராவிட்டால் அதற்கும் உனக்கு உரிமை உண்டு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உன் ஃபோன், நீ கையெழுத்துப் போடாத அந்தத் தகுதித் தாள் இரண்டில் ஒன்றுதான் எனக்குக் கிடைக்கும் என்றால், ஃபோன் வர வேண்டாம். திங்கட்கிழமை அந்தத் தாள் வெறுமையாகவே இருக்கட்டும்.

அப்பா